ஆபீஸுக்கும் அதே கார், ட்ராக்குக்கும் அதே கார்: எந்த பிரேக் பேட் போடுவது?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஐந்தாவது ரவுண்டு. நேர்ரோடு முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பாதியில் நிற்க வேண்டிய பெடல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கால்மிதி வரை போய்விட்டது. காலை எடுத்து இன்னொரு மிதி, மறுபடி ஒரு மிதி என்று பம்ப் அடித்ததில் கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்து, ட்ராக்கை விட்டு மண்ணில் இறங்கி, தூசி அடங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் மூலக்கடை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிவே பண்ணிவிட்டேன்: வண்டியோடு வந்த கம்பெனி பேட் (வீலோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கி நிறுத்துகிற உராய்வுக் கட்டை) லாயக்கில்லை, ரேஸ் பேட் வாங்கியே தீருவது.

மறுநாள் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் பேடைக் கழற்றவே இல்லை. பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவில் டார்ச் அடித்தார். பால் விடாத டீத்தண்ணி நிறம். "இன்னா சார் இது, வண்டி வாங்கனதுலருந்து இத்த மாத்தவே இல்லியா? பேடு மேல பழிய போடாத. ஆயில் கொதிச்சிருக்கு."

அவர் சொன்னதைப் பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். ட்ராக்கில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பேடின் கலவையை ஒட்டிவைத்திருக்கும் பினாலிக் ரெசின் என்ற பிசின் 300, 400 டிகிரியைத் தாண்டும்போது சிதைய ஆரம்பிக்கும், உராய்வு விழுந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, பம்ப் அடித்தால் கொஞ்சம் திரும்பி வருகிறது என்றால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் வேகமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். என்னுடையது இரண்டாவது ரகம். அன்றைக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பேடைப் போட்டிருந்தாலும் பெடல் தரைக்குத்தான் போயிருக்கும்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது வேறு என்றால் முடிவும் வேறாகும். பெட்ரோல் ஸ்விஃப்ட். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வருடத்துக்கு மூன்று தடவை ட்ராக். மற்ற நாளெல்லாம் நான் அம்பத்தூருக்கு ஓட்டுகிறேன், மனைவி பெரம்பூருக்கு ஓட்டுகிறாள். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு ட்ராக்குக்குப் போகிற வசதி கிடையாது. வெளிவட்டச் சாலையைப் பிடித்து, பெங்களூரு ஹைவேயில் ஏறி, அதே காரில்தான் போவது, அதே காரில்தான் திரும்புவது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரேஸ் என்றால் இன்றைக்கும் சோழவரம்தான். போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களுக்கு இங்கிருந்து ஒரே நேர் ரோடு. 1990இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததும் வடசென்னைக்காரனுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற வேலையாகிவிட்டது.

சூடு எவ்வளவு வருகிறது

ஆளோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 140 கி.மீ. வேகத்திலிருந்து 70க்கு இறக்கினால் ஏறக்குறைய 6.2 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் 70 சதவீதம் முன் பிரேக்கில் விழுந்தால் ஒரு முன் டிஸ்க்குக்கு 2.2 லட்சம். டிஸ்க் 5 கிலோ இரும்பு என்றால், ஒரே ஒரு மிதியில் சூடு 95 டிகிரி ஏறும். 3.717 கி.மீ. ட்ராக்கில் 12 வளைவு. எல்லாவற்றுக்கும் பலமாக மிதிப்பதில்லை. ஆனாலும் முந்தின சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்து மேலே உட்காரும். ஜி.என்.டி. ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் மிதிப்பது இதன் பக்கத்திலேயே வராது.

எவ்வளவு ஏறியது என்று ஊகிக்கவும் வேண்டாம். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பூசுகிற வெப்பப் பூச்சு ஒன்று இருக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். மூன்று சின்னக் கோடு போட்டுவிட்டு ஓட்டினால் போதும். பேட் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பேன். நான் ஆயில் மாற்றி, கம்பெனி பேடோடு போன நாளில் பச்சை முழுக்க வெளுத்திருந்தது, ஆரஞ்சு அங்கங்கே மாறத் தொடங்கியிருந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. என் முடிவுக்கெல்லாம் அடிப்படை அந்த மூன்று கோடுதான்.

முதல் வழி: கம்பெனி பேட், நல்ல ஆயில்

முதல் இரண்டு மூன்று ட்ராக் நாளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதே அளவு 140 ஆகிவிடுகிறது. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. கடலோர ஊரில், வருடம் முழுக்கப் புழுக்கத்தில் நிற்கிற வண்டிக்கு இரண்டாவது எண்தான் நிஜம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி, ஈரம் ஏறின பிறகும் 205. இந்த ஒரு மாற்றத்தில் என் பெடல் பிரச்சினை தீர்ந்தது. டாட் 5 என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கான், 5.1க்கு அண்ணன் தம்பி மாதிரி பெயர், உறவே கிடையாது.

பேடைப் பொறுத்தவரை நம் ஊருக்கு வெளியே தேடவும் வேண்டியதில்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே. நாட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்குப் பிரேக் சாமான் நம் பக்கத்து வீட்டிலிருந்துதான் போகிறது என்று எங்கள் ஏரியாவில் பெருமை பேசுவது உண்டு. பாதியோ காலோ, பேச்சில் விஷயம் இல்லாமல் இல்லை. வாங்கும்போது பேடின் ஓரத்தில் அச்சடித்த குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது சூடேறின பிறகு உள்ளது. 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால் அந்த பேட் சூட்டில் தளர்கிற சாதி. ஒருமுறை ஒரு கடையில் அசல் பெட்டி மாதிரியே இருந்ததை வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு எழுத்தும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "பில் இல்லாம எப்படி?" என்றார்கள். பில் கேட்காதது என் தப்பு.

இந்த வழியின் எல்லை எங்கே என்றால், நீங்கள் வேகமாக ஓட்டக் கற்றுக்கொள்கிற இடத்தில். மூன்று ரவுண்டு வேகம், ஒரு ரவுண்டு ஆற விடுவது என்று ஓட்டினால் கம்பெனி பேடே போதும். ஐந்து ஆறு ரவுண்டு தொடர்ந்து அழுத்தினால் பெடல் இறுகியபடியே வண்டி நீளமாக ஓட ஆரம்பிக்கும். பிட்டில் (ட்ராக் ஓரத்து நிறுத்துமிடம்) நிறுத்தினால் தீய்ந்த வாடை வரும், பேடின் ஓரம் சாம்பல் வெளுத்துப் பொடிந்திருக்கும்.

இரண்டாவது வழி: முழு ரேஸ் பேட்

வரிசையை மாற்றி இதை முதலில் முடித்துவிடுகிறேன். ஹாக் டிடிசி-60, பாகிட் ஆர்எஸ்29, ஃபெரோடோ டிஎஸ்3000 போன்றவை. சூட்டில் இவற்றை அடித்துக்கொள்ள முடியாது. 600 டிகிரியிலும் பிடி அப்படியே இருக்கும். எனக்கு ஆசை இருந்தது, மறைக்கவில்லை.

தள்ளி வைத்ததற்குக் காரணம் காலை ஏழு மணி. வீட்டு வாசலில் இரவெல்லாம் நின்ற வண்டியை மனைவி எடுத்துக்கொண்டு போகிறாள். தெருமுனையில் பள்ளிக்கூட ஆட்டோ குறுக்கே வருகிறது. அந்த முதல் மிதியில் பேடின் சூடு 35 டிகிரி. ரேஸ் பேடுகளில் பல, சூடேறின பிறகுதான் ஒழுங்காகக் கடிக்கும். அதே பெடல், அதே அழுத்தம், வண்டி நிற்பது மட்டும் நாலடி தள்ளி. மழைக்காலத்தில் இன்னும் மோசம்: வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறின டிஸ்க் நனைந்தும் இருக்கும், ஆறியும் இருக்கும். ட்ராக்கில்தான் மாட்டுவேன், ட்ராக்கிலேயே கழற்றுவேன் என்பவருக்கு இது சரி. கூட ஒரு ஆளும், ஜாக்கி ஸ்டாண்டும், ஆற வைக்க நேரமும் வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் களைத்துப்போய், தொட முடியாத சூட்டில் இருக்கிற காலிபரை (பேடை டிஸ்க்கோடு இறுக்குகிற கவ்வி) கழற்ற எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று, ஸ்விஃப்ட் மாதிரி லேசான வண்டி இந்த பேடை அதன் வேலைச் சூட்டுக்குக் கொண்டுபோவதே சிரமம். என் டிஸ்க்கில் சிவப்புக் கோடு மாறவே இல்லை என்றேனே. வராத சூட்டுக்கு எதற்குக் காசு?

உலோகம் அதிகம் கலந்த இந்த பேடுகளின் தூசியையும் சொல்ல வேண்டும். அலாய் வீலில் படிந்து, உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் துருவாகி அப்படியே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டிலிருந்து கடல் சில கி.மீ.தான். இரண்டு நாள் கழுவாமல் விட்டால் வெள்ளி வீல் செம்மண் நிறமாகும். டிஸ்க்கும் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது வழி: நடுத்தர பேட்

ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப், ஹாக் எச்பி பிளஸ். வீட்டு வாசலிலும் கடிக்கும், 500 டிகிரிப் பக்கம் போனாலும் விடாது. விலை கம்பெனி பேடைப் போலப் பல மடங்கு. (ஃபெரோடோ பெயருக்கு ஒரு கதை உண்டு. 1897இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய இங்கிலாந்துக்காரர் ஹெர்பர்ட் ஃப்ரூட். அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, தன் மனைவி பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள்.)

வாங்கும்போது ஏமாறுகிற இடம் ஒன்று. வெளிநாட்டுக் கேட்லாக்கில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று இருப்பது வேறு வண்டி, வேறு பிரேக். பெயரைப் பார்த்து ஆர்டர் போடாமல், பழைய பேடைக் கழற்றி, முதுகுத் தகட்டின் நீளம், அகலம், காது இருக்கும் இடம் மூன்றையும் அளந்து, கேட்லாக் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் வாங்கியது இந்த ரகம். முதலில் வருடம் முழுக்க இதையே விட்டுவைத்தேன். மூன்றாவது வாரம் மனைவி சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நான் வர்றது தெரு பூரா தெரியுது, பால் வண்டி ஹாரன் மாதிரி" என்றாள். மெதுவாகப் போகும்போது கீச்சென்ற சத்தம், வீலில் கறுப்புத் தூசி. பிடியில் குறை ஒன்றும் அவள் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். இருந்தாலும் அன்றாட ஓட்டத்தில் இந்த பேடைத் தேய்ப்பது காசை ரோட்டில் தேய்ப்பதுதான். அதனால் இப்போது ட்ராக் நாளுக்கு முந்தின சனிக்கிழமை இதை மாட்டுகிறேன், முடிந்த அடுத்த வாரம் கம்பெனி பேடைத் திரும்பப் போடுகிறேன். வழியில் ஹைவேயில் ஆறின பிரேக்கோடு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தாலும் பயமில்லை. ரேஸ் பேடில் அந்த நிம்மதி எனக்குக் கிடைத்திருக்காது.

எந்த வழியில் போனாலும் ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். புது பேட் போட்டதும் வண்டி முன்னைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர். சாதா டயரில் அதிகக் கடி உள்ள பேட் போட்டால் ஏபிஎஸ் சீக்கிரம் துடிக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான். நல்ல பேட் வாங்குவது முதல் ரவுண்டில் நின்ற அதே இடத்தில் ஆறாவது ரவுண்டிலும் நிற்பதற்கு. பின்னால் டிரம் உள்ள வண்டியில், முன்னால் மட்டும் கடி ஏறினால் பின் பிரேக்கின் பங்கு இன்னும் குறையும்; முன் வீல்தான் முதலில் பூட்டிக்கொள்ளும். உராய்வு எண் ரொம்ப உயரமான பேடை நான் தவிர்த்ததற்கு இதுவும் காரணம்.

மாட்டும்போது

மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று நான் செய்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வீலைக் கழற்றி, கீழ் ஸ்லைடு பின்னின் (காலிபர் இதன் மேல்தான் வழுக்கி நகரும்) போல்ட்டை எடுத்து காலிபரை மேலே தூக்கினோம். முழுக்கக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கவிட்டால் அது உள்ளே கிழியும்.

இடது பக்கத்து ஸ்லைடு பின்னை இழுத்தால் வரவே இல்லை. ரப்பர் உறையில் மயிரிழை மாதிரி ஒரு கிழிசல். அது வழியாக ஈரம் போய், பின் மேல் பழுப்புத் துரு மாவு மாதிரி படிந்திருந்தது. பழைய பேடைத் திருப்பிப் பார்த்தோம்: ஒரு முனை கனமாக, மறு முனை ஆப்பு மாதிரி சீவியிருந்தது. "பாத்தியா, இவ்ளோ நாளா பாதி பேடுலதான் பிரேக் அட்சிருக்க" என்றார். பின்னைத் துடைத்து, புது உறை போட்டு, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ் தடவினோம். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதி, பின் மறுபடி இறுகிக்கொள்ளும். பேடின் காது உட்காரும் பள்ளத்தில் இருந்த துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். புது பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் ஏதோ தப்பு.

பேடைத் தள்ளுகிற காலிபர் பிஸ்டனை உள்ளே தள்ள ஜி கிளாம்ப் போதும். தள்ளும்போது காலிபரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து, டியூப் மாட்டி, காலிபரில் வெந்துபோன ஆயிலை வெளியே விட்டுவிடுவது நல்லது. டப்பாவுக்குத் திருப்பி அனுப்பினால் அது வழிந்து பெயின்ட்டைத் தின்னும். பிஸ்டன் போய்ச் சேர்ந்ததும் நிப்பிளை உடனே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும். பிறகு நாலு வீலிலும் ஏர் எடுத்துப் புது ஆயில் ஏற்றினோம். டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, நெருங்கிவிட்டால் லேத்தில் கடையாமல் மாற்றிவிடுங்கள். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து பிரேக் கிளீனர் அடிக்கிறேன். ஒரு பேடின் படலத்தின் மேல் இன்னொரு ரகம் ஓடினால் பெடலில் அதிர்வு வரும்.

எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடலை இறுகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி காற்றில் மிதித்த மாதிரி தரைக்குப் போகும். இதை மறந்து செட்டின் சுவரில் இடித்தவர்களை அண்ணன் விரல்விட்டு எண்ணுவார்.

பதப்படுத்துவது

புது பேடை நேராக அடித்து ஓட்டினால் உள்ளே இருக்கிற வாயு ஒரே அடியாகக் கிளம்பி, பேட் வழுக்கும். 60இலிருந்து 10 வரை நடுத்தரமாகப் பத்து தடவை, பிறகு கொஞ்சம் வேகம் கூட்டிச் சில தடவை, அப்புறம் பிரேக்கே தொடாமல் பத்து நிமிஷம். முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்கக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேடின் அச்சு விழும். பேட் செய்த கம்பெனி கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. எண்ணூர் பக்கமோ மணலி ரோட்டிலோ இதைச் செய்ய நினைக்கவே வேண்டாம், பின்னால் வருவது லாரி. வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில் செய்கிறார்கள். நான் அங்கே முதல் பாதியை மட்டும் மெதுவாக முடித்துக்கொண்டு, மீதியை ட்ராக்கின் முதல் செஷனில் வைத்துக்கொள்கிறேன். செஷன் முடிந்து பிட்டில் நிறுத்தினாலும் கால் பிரேக்கோ ஹேண்ட் பிரேக்கோ போடுவதில்லை. கியரில் விட்டு, டயருக்கு ஒரு செங்கல்.

பேட் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் ட்ராக்குக்கு எடுத்துப் போவதில்லை. கனம் குறையக் குறைய சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு எளிதாக ஏறும். பழைய கதைக்கே திரும்ப வேண்டியதாகும். இப்போது கழற்றுகிற பேடுகளின் முதுகில் மார்க்கரால் இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று எழுதி, ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைக்கிறேன். தீபாவளிக்கு வந்த மச்சான் அதிரசம் என்று நினைத்து அதைத் திறந்தார்.